பிள்ளையைப் பஸ்ஸில் மறந்த எனக்கு மாரியம்மன் காட்டிய வழி

பெற்ற பிள்ளையைப் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கியவள் நான். போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கண்டியிலிருந்து வந்த பஸ்ஸில், ஆறு வயது மகள் யாழினி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வத்தேகமவில் இறங்கி, சந்தைக்குள் போய்த் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைய எங்கம்மா காணோம்?" என்று, எப்போதும் எங்களைச் சேர்த்தே பார்க்கிற தேங்காய்க்காரர் கேட்டார்.

ஒரு ஆட்டோவில் ஏறிப் பஸ்ஸைத் துரத்தினேன். கடைசித் தரிப்பிடத்தில் கண்டக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காத்திருந்தார். "ஒங்களுக்கு மூள இருக்கா?" என்றார். அன்றைக்கு எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

முப்பத்தாறு வருடமாக இதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். பள்ளியில் விளையாட்டுப் புத்திக்காரி. பல்லேகலவில் நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் சோம்பேறி, இரண்டு எச்சரிக்கைக் கடிதம். நம் மாரியம்மன் கோயிலுக்கு வருகிற சிலர், பெயர் சொல்லமாட்டேன், செய்வினை என்றார்கள். தாயத்தும் கட்டினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டேதான் இருந்தது.

இது ஏதாவது நோயாக இருக்கலாம் என்று என் கணவர் எங்கேயோ விசாரித்து, கண்டியில் ஒரு தனியார் மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போனார். "நாலு தடவ வரணும். டெஸ்டுக்கு வேற கட்டணும். இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். இல்லை என்றேன். அவள் காட்டிய தொகை என் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதே மூளை காசுள்ளவர்களுக்கு இருந்தால் நோய், எங்களுக்கு இருந்தால் குணக்கேடா?

அந்த ஆத்திரத்தோடு நேரே நம் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். பூ வாங்கவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. சத்தமாகவே கேட்டேன். "என்னைய இப்புடிப் படைச்சது நீதானே? அப்ப வழியையும் நீயே காட்டு. இல்லன்னா இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்." எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டார். பெயர் மல்லிகா. கெலிஓயாக்காரர், அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் கோயிலுக்கு வந்திருக்கிறார். பஸ்ஸில் தொடங்கி கிளினிக் கேட்ட காசு வரை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"ஏன்க்கா காசு கட்டுறீங்க? எங்க ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் இருக்கு, இலவசம். மொதல்ல ஓ.பி.டி.யில, வெளிநோயாளர் பகுதியில, காட்டித் துண்டுச் சீட்டு வாங்கிட்டு வாங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

இலவசம்! இத்தனை வருடம் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. தாயத்து கட்டச் சொல்ல இத்தனை பேர் வந்தார்கள், இதைச் சொல்ல ஒருவர் வரவில்லை.

சுலபமாக நடந்துவிடவில்லை. விடியற்காலை வரிசை. நீட்டிய படிவத்தில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஒரு தடவை கிளினிக் நாளை நானே மறந்துபோனேன். கடைசியில் ஒரு பெண் டொக்டர் பொறுமையாகக் கேட்டார். சிறு வயதில் என்னைப் பார்த்தவர் யாராவது வரவேண்டும் என்றார். அம்மா அன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போகாமல் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார்.

"தண்ணிக்கு அனுப்பினா கொடத்த பைப்படியிலேயே வச்சிட்டு வந்துரும் டொக்டரம்மா. எத்தன அடி அடிச்சிருக்கேன்."

கூட இருந்த மல்லிகா அதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னதை, மல்லிகா தமிழில் அம்மாவிடம் சொன்னார்: "இது திமிர் இல்லம்மா. ஏ.டி.எச்.டி.ன்னு ஒரு கவனக் குறைபாடு. சின்னதுலேருந்தே இருந்திருக்கு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் போச்சேடி" என்று அழுதார்.

பிரஷர் பார்த்து, இருதயம் சோதித்து, சிறிய அளவில் மாத்திரை தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியிலேயே சும்மா கிடைத்தது. இரண்டு மாதம் அங்கே இருப்பில் இல்லை. வெளியே மூன்று பார்மசியில் கைவிரித்தார்கள். மறுபடியும் ஆத்திரம், மறுபடியும் அம்மனோடு சண்டை. மல்லிகா சொல்லி, டொக்டர் கம்பனிப் பெயர் போடாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். அரசாங்க மருந்துக் கடையில் என்னால் கட்டக்கூடிய விலைக்குக் கிடைத்தது.

எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்னும் கையில் எழுதி வைக்கிறேன், போனில் அலாரம் வைக்கிறேன். ஆனால் தொழிற்சாலையில் மூன்றாவது கடிதம் வரவில்லை. யாழினியோடு உட்கார்ந்தால் அவள் பாடம் முடியும்வரை எழுந்திருக்காமல் இருக்கிறேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

போன மாதம் இதே கோயிலில் ஒருவர், "மருந்து சாப்பிட்டா சாமி மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அந்த நேர்ஸை அந்த நேரத்தில் என் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது யாராம்? நான் தினமும் அம்மனை நினைத்துத்தான் மாத்திரையை விழுங்குகிறேன்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருக்கலாம். அவளை அடிக்காதீர்கள், சோம்பேறி, திமிர்க்காரி என்று பெயர் வைக்காதீர்கள். அம்மனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவள் செவிகொடுப்பாள், எனக்குக் கொடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன்.