தபசு முடியாத பெட்டி

அமலதாஸ் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் சாயர்புரத்தில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, புதிதாக வந்த ஒரு ப்ளூரே பிளேயருக்கு மதிப்புரை எழுதி முடித்திருந்தேன். "தாராளமாக வாங்கலாம்" என்பது கடைசி வரி. போனில் எங்கள் டிஸ்க் கூட்டத்து ஜெரால்டு. "அண்ணாச்சி போய்ட்டாவ. காலைல காப்பி குடிச்சிட்டு இருக்கும்போதே நெஞ்சப் பிடிச்சிருக்காவ." எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், அவரை அறிந்த உங்கள் முன்னால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இனி தூத்துக்குடியில் என் பேச்சுக்கு மறுபேச்சு பேச ஆள் இல்லை என்றுதான் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது, பஸ்ஸில்.

தூத்துக்குடியில் இன்னமும் டிஸ்க் வாங்கிப் படம் பார்க்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணாச்சி வீட்டில் கூடுவோம். அவர் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவன். மாத இதழ் ஒன்றில் இந்த மாதிரிச் சாதனங்களைப் பற்றி எழுதுபவன். அண்ணாச்சி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் என் மதிப்புரையை அச்சில் படித்துவிட்டு எல்லாரும் நேரே அவரிடம் போய், "வாங்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். பல வருடமாக இதே கதை. வயிறு எரியாதா?

முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு பிளேயரோடு மீட்டர், சோதனை டிஸ்க், கட்டம் போட்ட தாள் எல்லாம் எடுத்துப் போனேன். இருட்டுக் காட்சியில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, டிஸ்க்கைப் போட்டதும் படம் வர எத்தனை நொடி ஆகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டார். பிறகு ரிமோட்டை மனைவி பிலோமினா மதினி கையில் கொடுத்துவிட்டு டீ போட அடுக்களைக்குள் போய்விட்டார். மதினி கண்ணாடியைத் தேடினார், பொத்தானைத் தேடினார், கடைசியில் ரிமோட்டை என்னிடமே நீட்டினார். டம்ளர்களோடு திரும்பிய அண்ணாச்சி, "முத பரீட்சையிலேயே ஒன் பெட்டி பெயிலாயிட்டுலே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மதினியிடம் தேறிய பெட்டிக்கு அடுத்தது தபசு. உப்பளத்தைப் பார்த்த அந்த ஜன்னலை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். கதவைத் திறந்துபோட்டு, ஜன்னலோரத்தில் பெட்டியை வைத்து, நாற்பது நாள் தினம் ஒரு படம் ஓட்டுவார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளை நம் கரையில் தபசு காலம் என்கிறோம் இல்லையா, அதிலிருந்து எடுத்த பெயர். நாற்பது நாள் உப்புக் காற்றைத் தின்றபிறகும் டிஸ்க் தட்டு முனகாமல் திறந்தால்தான் வாயைத் திறப்பார். "கப்பல்ல எல்லா சாமானும் முத நாள் நல்லாத்தான்லே ஓடும்" என்பார். கடைக்காரரே அவருக்குப் பெட்டியை அனுப்பிவைத்து நாற்பது நாளும் கேட்காமல் இருப்பார். என்னிடம் நாலாம் நாளே திருப்பிக் கேட்பார்கள்.

ஒருமுறை ஒரு பிளேயரை வானளாவப் புகழ்ந்து எழுதினேன். படம் அப்படி ஒரு துல்லியம். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட வாங்கவில்லை. "அண்ணாச்சிட்ட தபசு முடியட்டும்" என்றார்கள். முப்பத்தெட்டாம் நாள் அவர் வீட்டுப் பெட்டியின் தட்டு பாதி வந்து நின்றுவிட்டது. பின்னால் கம்பி செருகும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதே மாடல், உப்புக் காற்று வராத சாயர்புரத்தில், என் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. வேகமாகப் போய் அவரிடம் சொன்னேன். "ஒன் வீட்டுக்கு அது நல்ல பெட்டிதாம்லே. யாரு இல்லன்னா? நம்ம ஊருக்கு ஆகாது" என்றார். அந்த 'நம்ம' எனக்கு வலித்தது. அதற்குள் நான் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை: "நீ எழுதுனது சரிதாம்லே" என்று அந்த மனிதர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரத்தில் அதே புது மாடல் இருந்தது, நான் எழுதி முடித்திருந்த அதே பிளேயர். பக்கத்தில் தினசரிக் காலண்டரின் அட்டையில் பென்சில் கோடுகள். எண்ணினேன், முப்பத்தொன்று. மதினி பின்னால் வந்து நின்றார். "இன்னும் ஒம்போது நாள் கெடக்கு தம்பி. பாதில விட்டா அவுகளுக்குப் பிடிக்காது."

வேலை முடிந்து தினமும் பஸ் ஏறிப் போனேன். மதினி ரிமோட்டை அழுத்துவார், நான் படம் பார்ப்பேன். ஒன்பது கோடு போட்டேன். ஒவ்வொரு நாளும் தட்டு திறக்கும்போது, முனகுகிறதா என்று காதை அதன் பக்கத்தில் கொண்டுபோவேன். நாற்பதாம் நாளும் அது சத்தமில்லாமல் திறந்தது. என் நாலு நாள் கணக்கும் அவருடைய நாற்பது நாள் கணக்கும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். நான் எழுதியது சரி. அதைச் சொல்ல வேண்டியவர் நாற்காலி மட்டும் எதிரே இருந்தது.

அட்டையை மதினியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முப்பத்தொரு கோடு அவருடையது, ஒன்பது என்னுடையது. அதையும் என் பொறாமையையும் நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் விட மனமில்லை.

படியிறங்கும்போதே ஜெரால்டின் போன். "அந்தப் புதுப் பெட்டி என்னாச்சு? வாங்கலாமா?"

இத்தனை வருடத்தில் முதன்முறையாக என்னிடம் கேட்கிறான். மதிப்புரையின் கடைசி வரி வாய்வரை வந்தது.

"வாங்கலாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ" என்றேன்.