சாகரா கோர்ட்டின் குற்றப்படப் பதிவேடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சாகரா கோர்ட் என்று ஒரு கட்டடம். ஒன்பது மாடி, முப்பத்தாறு பிளாட். அதன் நிர்வாகக் குழுச் செயலாளர் நாகேந்திரம். ஆறு வருடத்துக்கு முன்னர் நடந்த கூட்டத்தில் "செயலாளராக ஆருக்கு விருப்பம்?" என்று கேட்டபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பேனையை எடுத்தார். தெரிவு அத்தோடு முடிந்தது.

அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் பதிவறையில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. எடுத்துப் பார்க்க ஆள் வந்தால்தானே தொலையும் என்று மனைவி சிவக்கொழுந்து சொல்வதுண்டு. சிவக்கொழுந்து பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தேவைக்கு மேலே ஒரு சொல் பேசமாட்டார்.

சாகரா கோர்ட்டுக்கு இருபத்தெட்டு விதிகள் உண்டு. கடல் பக்கத்துப் பால்கனியில் உடுப்புக் காயப்போடக்கூடாது. லிப்டுக்குள் மீன் பையை நிலத்தில் வைக்கக்கூடாது. வாசலில் இரண்டு சோடிக்கு மேல் செருப்பு இருக்கக்கூடாது. முந்தைய செயலாளர்கள் இவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டதோடு நிம்மதியாக இருந்தார்கள். நாகேந்திரம் அப்படியல்ல. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய போனை எடுத்துக்கொண்டு காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் ஒன்பது மாடியும் ஏறி இறங்கினார். கண்டதையெல்லாம் படம் எடுத்தார்.

எடுத்தால் போதுமா? பதியவேண்டாமா? திணைக்களத்தில் கடைசிக் காலத்தில் அவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பி அக்சஸ் என்ற டேட்டாபேசைப் படிப்பித்திருந்தார்கள். அந்த மூன்று நாள் அறிவை அவர் பதினைந்து வருடம் பாவிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். இப்போது லப்டொப்பைத் திறந்து ஒரு அட்டவணை போட்டார். குற்ற இலக்கம், திகதி, பிளாட், மீறப்பட்ட விதி, எடுத்த நடவடிக்கை. கடைசி நிரலில் படம். படத்தை அப்படியே அட்டவணைக்குள் செருகினார். சாட்சியம் வழக்கோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

முதல் நூறு குற்றங்கள் சுகமாக ஏறின. முந்நூறாவதோடு லப்டொப் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஐந்நூறு தாண்டியபோது ஒரு படம் திறப்பதற்குள் சிவக்கொழுந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்விடும். பதிவேடு கனமாக இருக்கிறதென்றால் அதில் விஷயம் இருக்கிறது என்றுதான் நாகேந்திரம் நினைத்துக்கொண்டார். இன்னும் ஏறாத படங்கள் மூவாயிரத்துச் சொச்சம் வேறு காத்திருந்தன.

தை மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்தது. கார் பார்க்கில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, புரொஜெக்டரும் வைத்தார்கள். நாகேந்திரம் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அன்றைக்கு அவர் குறி வைத்தது 5B பிளாட் யேசுரட்ணத்தை.

யேசுரட்ணம் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வெளிநாட்டில் இருக்கும் மகள் பிளாட் வாங்கிக் கொடுத்ததால் மனைவி புளோறன்ஸோடு வெள்ளவத்தைக்கு வந்தவர். மொட்டைமாடியில் நின்று சுருட்டுப் பிடிப்பார், காகங்களுக்குச் சோறு வைப்பார், தோய்த்த சாரத்தைப் பால்கனிக் கம்பியில் கொடி மாதிரிப் பறக்கவிடுவார். இருபத்தெட்டு விதிகளில் பதினொன்றை அவர் ஒருவரே மீறியிருந்தார்.

"சபையோர்களே," என்று தொடங்கினார் நாகேந்திரம், "நான் வாயால ஒண்டும் சொல்லப் போறேல்ல. சாட்சியம் கதைக்கும். இண்டைக்குக் காலமை எடுத்த படத்தை உங்கட கண்ணுக்கு முன்னால இப்பவே பதியிறன்."

பொத்தானை அழுத்தினார். லப்டொப் யோசித்தது. சபையும் யோசித்தது. பிறகு சீலையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது. அதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: இன்வலிட் ஆர்கியுமென்ட்.

நாகேந்திரம் திரும்ப அழுத்தினார். பெட்டி திரும்ப அதையே சொன்னது.

முன்வரிசையில் இருந்த யேசுரட்ணம் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தொடையில் தட்டினார். "அண்ணே! மிஷினே சொல்லிருச்சே, ஒங்க வாதம் செல்லாதுன்னு!"

கார் பார்க் அதிர்ந்தது. குழுத் தலைவர் மஜீட் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, "சரி செயலாளர், போதும் வுடுங்க, அடுத்த விசயத்துக்குப் போவோம்" என்றார். அடுத்த விஷயம் தண்ணீர்த் தாங்கி கழுவுவது. அதை யாரும் கேட்கவில்லை.

முப்பத்துமூன்று வருட சேவையில் அமைச்சின் செயலாளர்கூட நாகேந்திரத்தின் வாதம் செல்லாது என்று சொன்னதில்லை. அவர் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. மூன்றாம் நாள் சிவக்கொழுந்துதான் 3A பிளாட்டில் இருந்த சாம்பவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாம்பவி ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை செய்பவள். வாசலில் ஆறு சோடி செருப்பு வைத்திருந்ததற்காக இரண்டு எச்சரிக்கை வாங்கியவள்.

லப்டொப்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "அங்கிள், இதுக்கு இரண்டு ஜிபிதான் எல்லை. நீங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு படத்தை உள்ளுக்கு அடைஞ்சு வச்சிருக்கிறீங்கள். வெடிக்காமல் இருந்ததே புதினம்."

"அப்ப படத்தை எங்க வைக்கிறது?"

"படங்களை ஒரு ஃபோல்டரில போடுங்கோ. அட்டவணையில அது எங்க இருக்கெண்டு பாதையை மட்டும் எழுதுங்கோ. பதிவறையில நீங்கள் என்ன செய்தனீங்கள்? இன்டெக்ஸ் புத்தகத்தில கோப்பையே ஒட்டினீங்களோ?"

முப்பத்துமூன்று வருடம் நாகேந்திரம் எழுதியது அதைத்தான்: ராக்கை இலக்கம், தட்டு இலக்கம். கோப்பைத் தூக்கிப் புத்தகத்துக்குள் வைக்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கொம்பியூட்டர் என்றதும் தெரிந்த புத்தியும் பறந்துவிட்டது.

சாம்பவி ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திருத்திக் கொடுத்தாள். வேலை முடிந்ததும், "அங்கிள், என்ர செருப்புக் கேஸ்?" என்று கேட்டாள். "அது வேற, இது வேற" என்றார் நாகேந்திரம்.

பதிவேடு இப்போது இறகு மாதிரி இருந்தது. காத்திருந்த மூவாயிரம் படங்களும் ஒரு மாதத்துக்குள் ஏறின. புதியவை பின்னால் வந்தன. அவர் முன்னரைவிடத் தீவிரமானார். யேசுரட்ணமும் சளைக்கவில்லை. மொட்டைமாடியில் செயலாளரின் தலை தெரிந்தால், "வாதம் வருது, பறந்துருங்கடா" என்று காகங்களுக்குச் சொல்லுவார்.

ஆவணி மாதம் ஒரு காலை யேசுரட்ணம் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரமுதல் உயிர் போய்விட்டது.

நாகேந்திரம் செத்தவீட்டுக்குப் போனார், மாதாக் கோயிலுக்கும் போனார், நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். குழுவின் சார்பில் அனுதாபக் கடிதம் எழுதும்போது பழக்கதோஷத்தில் மேலே "விடயம்: 5B" என்று போட்டுவிட்டு, பிறகு கிழித்துப் புதிதாக எழுதினார்.

இரண்டு கிழமை கழிந்து புளோறன்ஸ் அவரைத் தேடி வந்தார். கதிரை நுனியில் இருந்தார்.

"அண்ணன், முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அட்டை அடிக்கணும். அவர்ட படம் ஒண்ணும் இல்ல. கெமராவைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிருவார். அடையாள அட்டைப் படத்துல பொலிஸுல புடிச்ச ஆள் மாதிரி இருக்கார். ஒங்ககிட்ட நெறைய இருக்குமே?"

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். இருபத்தெட்டு விதிகளில் இதற்கு ஒன்றும் இல்லை. சாட்சியங்கள் இரகசியமானவை. ஆனால் குற்றவாளி காலமானால் வழக்கு முடிந்ததாகக் கொள்ளலாம். முடிந்த வழக்கின் பிரதியை நெருங்கிய உறவினர் எழுத்துமூலம் கேட்டால் கொடுக்கலாம். இந்த விதியை அவர் அந்த இடத்திலேயே ஆக்கி, விண்ணப்பப் படிவம் ஒன்றையும் தட்டி எடுத்து நீட்டினார். சிவக்கொழுந்து குசினி வாசலில் நின்று அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

புளோறன்ஸ் கோபிக்கவில்லை. பேனை வாங்கி நிரப்பினார். "தேவைக்கான காரணம்" என்ற இடத்தில், "மூஞ்சியைப் பாக்க" என்று எழுதினார்.

நாகேந்திரம் படிவத்தை வாசித்தார். பிறகு லப்டொப்பைத் திறந்து 5B என்று தேடினார். நூற்றுப் பதினேழு பதிவுகள் வந்தன. ஒன்றிலும் படம் இல்லை. படம் வரவேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

அவர் திரும்பத் திரும்பத் தட்டினார். "இப்ப வரும், இப்ப வரும்" என்றார். வரவில்லை. சிவக்கொழுந்து போன் எடுக்க, சாம்பவி வேலையிலிருந்து வந்த கையோடு ஓடி வந்தாள்.

"அங்கிள், ஃபோல்டருக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்ல. பேரை மட்டும் மாத்தினனான். போட்டோஸ் எண்டு இருந்தது மரியாதையா இல்லை. சாட்சியங்கள் எண்டு வச்சனான்."

"விலாசத்தை எழுதிப்போட்டு வீட்டின்ர பேரை மாத்தினால் ஆள் எப்பிடி வாறது?" என்று சொல்லி அவள் பழைய பெயரைத் திருப்பிப் போட்டாள். யேசுரட்ணம் நூற்றுப் பதினேழு தரம் எழும்பி வந்தார்.

சுருட்டோடு வந்தார். சாரம் பிழியும்போது வந்தார். லிப்டுக்குள் மீன் பையை வைத்துவிட்டு மேலே பார்த்து விசிலடிக்கும் பாவனையில் வந்தார். புளோறன்ஸ் ஒவ்வொன்றுக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தும் செய்தார். கடைசியில் ஒன்றில் நிறுத்தச் சொன்னார். மொட்டைமாடி, பின்னால் கடல். யேசுரட்ணம் கையில் சோற்றுக் கோப்பையோடு, தோளில் குந்திய காகத்தைத் திரும்பிப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார்.

"இது" என்றார்.

முப்பத்தோராம் நாள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை. நாகேந்திரமும் சிவக்கொழுந்தும் 155 பஸ்ஸில் போனார்கள். வாசலில் நினைவு அட்டை கொடுத்தார்கள். நாகேந்திரம் அதைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். படத்துக்குக் கீழே, பிரதி எடுக்கும்போது அவருடைய டேட்டாபேஸ் தானாகச் சேர்க்கும் குறிப்பும் அழகாக அச்சாகியிருந்தது:

"குற்ற இல. 4377. திகதி 10.08. பிளாட் 5B. விதி 14(ஆ): மொட்டைமாடியில் காகங்களுக்கு உணவிடல். மூன்றாவதும் இறுதியுமான எச்சரிக்கை."

அதற்குக் கீழே, ஆண்டவரில் இளைப்பாறுக என்று இருந்தது.

பூசை முடிந்ததும் அவர் புளோறன்ஸிடம் போய், "தங்கச்சி, பெரிய பிழை நடந்துபோச்சு. என்ர கவலையீனம். பிரஸ்காரனாவது வெட்டியிருக்கலாம்..." என்று தடுமாறினார்.

"அவன் வெட்டத்தான் பார்த்தான் அண்ணன். நான்தான் வேணாம்னேன். திகதி போட்டிருக்கு பாருங்க. சாகிறதுக்குப் பன்னெண்டு நாள் முந்தி. அன்னைக்கு என்னா செஞ்சார், எங்க நின்னார்னு வேற யாரு எழுதி வச்சாங்க?"

பக்கத்தில் நின்ற சுவாமியார் அட்டையை வாசித்துவிட்டு, "இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு ஆள் திருந்தினாரா?" என்று கேட்டார்.

"இல்லை சுவாமி" என்றார் நாகேந்திரம் உண்மையாக.

அந்த அட்டை சாகரா கோர்ட்டின் வோட்சப் குழுவில் வலம் வந்தது. அன்றோடு செயலாளரின் ராச்சியம் ஆட்டம் கண்டது. 7A காரர் வந்து, மகள் லண்டனுக்குப் படிக்கப் போகுமுன் வாசலில் சைக்கிள் விட்ட குற்றப் படம் கிடைக்குமா என்று கேட்டார். 8D தம்பதி, படிக்கட்டில் இருந்து சண்டை பிடித்த படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் நாற்பத்தொரு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் ஒருவர் "சும்மா" என்று எழுதியிருந்தார்.

அதைவிட மோசம், ஆட்கள் பயப்படுவதை விட்டுவிட்டார்கள். அவர் போனைத் தூக்கினால் உடுப்புக் காயப்போட்டவர்கள் ஒளியவில்லை, தலைமயிரைச் சரிசெய்தார்கள். பிழையான இடத்தில் கார் விட்டவர் கண்ணாடியை இறக்கி, "மற்றப் பக்கத்தால எடுங்கோ, இதில தாடை பெருசாத் தெரியும்" என்றார். காவலாளி பியசேன கதிரையில் நித்திரை கொண்ட படத்துக்குக் கடுமையான எச்சரிக்கை எழுதவிருந்தார் நாகேந்திரம். பியசேனவோ அடுத்த நாள் தொப்பியை நேராக்கிக்கொண்டு, "மஹத்தயா, அத மாவத் கன்னவத?" என்று, இன்றைக்குத் தன்னையும் எடுப்பாரா என்று ஆசையோடு விசாரித்தான்.

"ஒழுங்கு எண்டது செத்துப்போச்சு" என்று நாகேந்திரம் வீட்டில் புலம்பினார். "இது குற்றப் பதிவேடோ, கலியாண அல்பமோ?"

சிவக்கொழுந்து கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினார். "இஞ்சருங்கோ, நாலாயிரத்துச் சொச்சம் படத்தில என்ரை படம் ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் தங்கள் பிளாட் இலக்கம் 2C என்று போட்டுத் தேடினார். பதிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது.

"பாத்தீரோ? நீர் ஒரு குற்றமும் செய்யேல்ல" என்றார் பெருமையாக.

சிவக்கொழுந்து திரும்பக் கத்தரிக்காயை எடுத்தார்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கீழேயிருந்து பியசேன இன்டர்கொம்மில் பதறினான். நாகேந்திரம் போனோடு இறங்கிப் போனார். வெயில் விழும் பக்கத்தில் நின்ற மஜீட்டின் புதுக் காரின் பொனற்றில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் மோர் மிளகாய், வரிசை வரிசையாக. பக்கத்தில் அரக்குச் சேலை உடுத்து, பவுடர் போட்டு, தலையில் மல்லிகையோடு சிவக்கொழுந்து நின்றார்.

நாகேந்திரம் நாலு பக்கமும் பார்த்தார். "உமக்கென்ன விசரோ? மஜீட் வந்தால் நான் என்ன சொல்லுறது?"

"விதி ஒன்பது. பொது இடத்தில சாப்பாட்டுச் சாமான் காயவைக்கிறது" என்றார் சிவக்கொழுந்து. "கை நடுங்காமல் எடுங்கோ."

அவர் எடுத்தார். முதல் படம் சரிவரவில்லை, வெயில் பின்னால் அடித்தது. இடம் மாறி நின்று இன்னொன்று எடுத்தார். பிறகு தேவையில்லாமல் மூன்றாவதும் எடுத்தார்.

பின்னேரம் 2C பிளாட்டுக்கு முதலாம் எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. நாகேந்திரம் வெளியே போய்க் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு, திறப்புப் போட்டு உள்ளே வந்து, குனிந்து எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

சிவக்கொழுந்து கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார். "பதினாலு நாளுக்குள்ள விளக்கம் கேட்டிருக்கு."

"ஓம்."

"நான் எழுதமாட்டன்."

"எழுதாட்டி இரண்டாம் எச்சரிக்கை வரும்."

"வரட்டும்" என்றார் சிவக்கொழுந்து. "நாளைக்குப் பச்சைச் சேலை."