ஏணிக்காலில் ஒரு சிவப்புக் கோடு

அலுமினியம் பிழியும் அச்சு வெட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டால் நாங்கள் பொறியாளர்கள். வெட்டிய பிறகு கூப்பிட்டால் வெறும் சாட்சிக் கையெழுத்து. ஒன்பது வருஷத்தில் என்னை முன்னால் கூப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

செல்வம் அண்ணன் கேட்டது

முறுக்கு மாவைப் பிழிவது மாதிரி, சூடான அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கினால் சட்டம் வரும். சட்டம் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்க வேண்டுமென்றால், உலோகம் அச்சுக்குள் நாலாகப் பிரிந்து மறுபடி ஒன்றாக ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு பிடிக்குமா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. பிடிக்கும் இடம் திரையில் பச்சையாகவும் பிடிக்காத இடம் சிவப்பாகவும் வரும்.

எங்கள் ஆபீஸ் மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில். கீழே மூட்டை அடுக்கும் தேனிக்காரர் செல்வம் அண்ணன் ஒருநாள் சாயாவும் கையுமாக மேலே வந்தார். நான் பத்து நிமிஷம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ சிவப்புன்னு சொன்னா நிறுத்திருவாங்களா தம்பி?" என்றார்.

யாரும் நிறுத்தவில்லை

ஏலூர் தாண்டி ஒரு தொழிற்சாலை, ஏணிக்கால் சட்டத்துக்கு ரிப்போர்ட் கேட்டது. அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. ஃபைலில் வைக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் ஓட்டும் வேகத்தையே போட்டுப் பார்த்தேன். ஒட்டு நெடுகச் சிவப்பு.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அங்கே மேனேஜராக இருக்கும் வர்கீஸ் சேட்டனிடம் போனில் சொன்னேன். "வேகம் குறைச்சா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போகும் மோனே. நீ பச்சையா ஒரு படம் அனுப்பு" என்றார்.

லட்சணமான படம்

என் முதலாளி ஹமீது பாய்க்கு அவர்கள்தான் பெரிய வாடிக்கை. "அவங்க போனா நீயும் வீட்டுக்குப் போகணும்" என்று நல்லவிதமாகவே சொன்னார். பாதி வேகத்தில் ஓட்டினேன், எல்லாம் பச்சை. அந்த வேகத்தை ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டேன். யாரும் ஏழாம் பக்கம் வரை போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஹமீது பாய் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றார்.

புது ஏணி

நாலு மாதம் கழித்து, கீழே கிடங்குக்குப் புது ஏணி வந்து இறங்கியது. காலில் இருந்த இரட்டைப் பள்ளத்தைப் பார்த்ததுமே, நான் ஓட்டிப் பார்த்த அதே சட்டம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லா ஏணியுமா உடையப்போகிறது என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். அதற்காக என்னை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஏணிக்கால் பிளந்து செல்வம் அண்ணன் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி மூட்டை தூக்க முடியாது என்றார்கள். பிளவு, நான் திரையில் பார்த்த சிவப்புக் கோட்டிலேயே போயிருந்தது. வர்கீஸ் சேட்டனைக் கூப்பிட்டேன். "ரிப்போர்ட் பச்சைதானே? கையெழுத்து உன்னோடதானே மோனே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் செல்வம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஏணி புதுசு தம்பி, அதுல குத்தம் இருக்காது. நாந்தான் காலைத் தப்பா வெச்சுட்டேன்."

ஒன்பது வருஷத்தில், சிவப்பு என்று நான் பார்த்த கணிப்பு எள்ளளவும் பிசகாமல் பலித்தது அந்த ஒரு தடவைதான்.