கைதட்டலுக்குச் சொன்ன தீர்ப்பு

எனக்குக் கிடைத்த சட்டப் பல்கலைக்கழக இடத்தைக் கெடுத்தவர் எங்கள் பகுதியின் பெரிய வக்கீல். என் மேல் விரோதம் இருந்து கெடுத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கைதட்டலுக்காகக் கெடுத்தார். அன்று அவர் மேடையில் எழுந்து நின்று, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் பதிலுக்குச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கணபதி என்கிற பகுதியில், பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற தெரு எங்களுடையது. அப்பா ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேன். நான் பிளஸ் டூ முடித்த கோடையில் நுழைவுத் தேர்வு எழுதி, வெளிமாநிலத்தில் ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒரு தேர்வு எழுதியதே இல்லை. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் பெருமைப்பட்டு, அந்த வருட ஆண்டு விழாப் பட்டிமன்றத்துக்கே அதைத் தலைப்பாக்கிவிட்டார்கள். சட்டம் படிக்கச் சிறந்தது வெளிமாநிலப் பல்கலைக்கழகமா, உள்ளூர்க் கல்லூரியா? நடுவர், பெரிய வக்கீல். விழா தொடங்கியதும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு என் படிப்பைப் பற்றி நான்கு பேர் மேடையில் வாதாட, நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளிமாநிலத்துக்காகப் பேசிய பள்ளி ஆசிரியர் நன்றாகத்தான் பேசினார். அங்கே நூலகம் எப்படி, நாலா திசையிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு மோதிப் படிப்பது எப்படி, உயர் நீதிமன்றம் வரை கதவு திறப்பது எப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் யாரும் கைதட்டவில்லை. உள்ளூருக்காகப் பேசியவர் வங்கி அதிகாரியான ஓர் அம்மா. அவர் விடுதிச் சாப்பாட்டையும் சப்பாத்தியையும் வைத்தே பாதி நேரத்தை ஓட்டிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் ஒவ்வொரு கைதட்டலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் எதைக் குறித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தீர்ப்பு சொல்ல எழுந்தவர் நேராக என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, கோபிப் பக்கமிருந்து ஒருத்தர் வாய்க்கால் தகராறுன்னு வாராருன்னு வைங்க. நீங்க வடக்க படிச்சுபோட்டு வந்து 'மை லார்ட்'னு ஆரம்பிச்சீங்கன்னா, அவரு பக்கத்துல இருக்கறவரைக் கேப்பாரு, 'யாருங்க இந்தப் புள்ள, கோர்ட்டுல வந்து சாமி கும்பிடுது'ன்னு." பந்தல் அதிர்ந்தது. என் அம்மாகூடச் சிரித்தாள். நீதிமன்றம் என்பது கட்சிக்காரனின் கண்ணீரைப் புரிந்துகொள்ளும் இடம், அதை இந்த மண்ணில் படித்தால்தான் கற்க முடியும் என்று குரலை இறக்கி முடித்தார். உள்ளூர்க் கல்லூரியே சிறந்தது என்று தீர்ப்பு.

இதோடு முடிந்திருந்தால் பட்டிமன்றம், சிரித்துவிட்டுப் போகலாம் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் என் அப்பா மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பார்த்தார். நான் கூட நின்றேன். அப்பா வேலை பார்த்த கம்பெனியில் மெஷினில் கை போன ஒருவருக்காக வழக்கு நடத்தி ஜெயித்துக் கொடுத்தவர் இந்த வக்கீல். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் சொல்தான் சட்டம். "ஐயா, இந்த வாரத்துக்குள்ள சீட்டு வேணுமா வேண்டாமான்னு சொல்லோணுமுங்க. அனுப்பறதா, நிறுத்தறதா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

வக்கீல் அப்பாவின் தோளில் கை போட்டார். "அதான் தீர்ப்பே சொல்லிப்போட்டனேங்க, அப்புறம் என்னங்க சந்தேகம்? அம்மணி இங்கயே படிக்கட்டும். முடிச்சதும் நம்ம ஆபீசுக்கு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டார். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அதட்டவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் சொன்னபிறகு நாம் என்ன கண்டோம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் என்னைப் பற்றிப் புதுப் பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "என்ன அம்மணி, தீர்ப்பு எதிரா போயிருச்சாமா? அப்பீல் பண்றயா?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்த வாரம் முடிந்தது. என் இடம் வேறு யாருக்கோ போனது.

நான் படித்த கல்லூரியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். வாய்க்கால் வழக்கும் வருகிறது, ஒழுங்காகவே நடத்துகிறேன். வெளியே போயிருந்தால் இதைவிடப் பெரிய ஆளாகியிருப்பேனா என்று கேட்டால் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை அரிக்கிறது. இரண்டு கல்லூரிகளில் எது சிறந்தது என்று ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் தான் நம்பாத ஒன்றை, நம்பிக் கேட்டவனிடம் சொல்வது வேறு. அவர் அதை நம்பவில்லை என்பது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் அப்பாவே புதுப் புடவை எடுத்துக் கொடுத்து அவர் அலுவலகத்துக்கு அனுப்பினார். வக்கீலுக்கு என் முகம் நினைவில்லை. எந்தக் கல்லூரி என்றார். சொன்னேன். முகம் மாறவில்லை, எங்கள் ஊர் மரியாதை ஒன்றும் குறையவில்லை. "இப்பல்லாம் நம்முளுக்குக் கம்பெனிக் கேஸுங்கதானுங்க நெறைய. நேஷனல்ல படிச்ச புள்ளைங்களைத்தான் எடுக்கறது. எதுக்கும் பார்க்கலாமுங்க." எங்கள் ஊரில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பார்க்கலாமுங்க என்றால் எழுந்து போ என்று பொருள். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், பட்டமளிப்பு அங்கியில் அவர் மகன் படம். வடக்கே ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டம் வாங்கிய வருடமும் அதில் இருந்தன. கணக்குப் பார்த்தால், எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவன். அதாவது, என் படிப்புக்கு அவர் தீர்ப்பு சொன்ன அன்று, அவர் மகன் அங்கே வகுப்பில் உட்கார்ந்திருந்தான்.

நான் பட்டிமன்றத்தை நினைவுபடுத்தினேன். என் அப்பா வந்து கேட்டதையும் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, அந்தப் புள்ளையா நீ? கண்ணு, பட்டிமன்றத்துல கைதட்டு எந்தப் பக்கமோ தீர்ப்பு அந்தப் பக்கம். மேடையில பேசறதை ஊட்டுக்கு எடுத்துட்டா போவாங்க?"

நாங்கள் எடுத்துக்கொண்டுதான் போனோம். அவரைப் போன்றவர்கள் சொல்வதை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள்தான் எங்கள் தெருவில் எல்லோரும்.

அன்று வீட்டுக்கு வந்து, அங்கே இடம் காலி இல்லையாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். இன்றுவரை வக்கீல் சொன்னதால்தான் மகள் கண் முன்னாலேயே படித்து வக்கீலானாள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி மகிழ்கிறார். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இனி முடியாது. இதை அப்பா படிப்பார். படிக்கட்டும்.

ஏனென்றால் இந்த வருடமும் சங்க விழாப் பட்டிமன்றத்துக்கு நடுவர் அந்த வக்கீலேதான். தெருத் தெருவாக ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். எங்கள் அடுத்த தெருத் தையல்காரரின் மகளுக்கு வெளிமாநிலத்தில் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதால், தலைப்பும் ஏறக்குறைய அதேதான். அந்தத் தையல்காரர் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. "பெரியவரு அன்னிக்கு என்ன சொல்றாருன்னு பாத்துக்கலாமுங்க" என்றார்.

வக்கீல் ஐயா, முன் வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். என் அப்பாவும் இருப்பார். நீங்கள் தீர்ப்பு சொல்லும் முன் எழுந்து கேட்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன், தயாராக வாருங்கள். உங்கள் மகனை எங்கே படிக்க வைத்தீர்கள்? ஏன் அங்கே அனுப்பினீர்கள்? கையைக் கட்டிக்கொண்டு கேட்ட என் அப்பாவிடம் அதை ஏன் சொல்லவில்லை? இதற்குத் தனியாக என்னைக் கூப்பிட்டு, கண்ணு அம்மணி என்று சமாதானம் பேச வேண்டாம். கூட்டம் மொத்தமும் கேட்கும்படி, என் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.