இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய்

1. சந்தேகம் என்கிற நான்

ரயில்வேயில் என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சந்தேகம்’ என்று கேட்டால் செக்‌ஷன் முழுக்கத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் கீமேனாக இருந்தேன். கீமேன் என்றால் தினமும் காலையில் சுத்தியலையும் ஸ்பேனரையும் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய பீட்டில் தண்டவாளத்தோடு நடந்து, எது கழன்றிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறவன்.

முதல் நாள் பீட்டு முடித்துவிட்டு வந்து, “எல்லாம் சரியா இருக்கு” என்று எங்கள் கேங்குக்குத் தலைவரான மேட்டிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஏலே, எல்லாம் சரியா இருக்குன்னு தோணுச்சுன்னா நீ சரியாப் பாக்கலன்னு அர்த்தம். திரும்பி நட” என்றார். திரும்பி நடந்தேன். இரண்டு போல்ட்டு தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து நேற்று நானே முறுக்கிய போல்ட்டைக்கூட இன்றைக்கு நம்ப மாட்டேன். இந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரை மூன்று தடவை பார்ப்பேன், பால்காரர் அளக்கும்போது பக்கத்தில் நிற்பேன்.

ரிட்டயரான பிறகு மாடல் ரயில் வேலை பார்க்கிறேன். எந்த டிராக் வாங்கலாம் என்று இப்போது சிறு வயதுக்காரர்கள் என்னிடம் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிராக் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

2. எந்த டிராக்

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி ராஜாமணி அண்ணாச்சி வெளிநாடு போன இடத்தில் ஒரு கடைக்குள் பொம்மை ரயில் ஓடியதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நிசத் தண்டவாளத்தையே கட்டி மேய்ச்சவரு நீங்க. இந்தப் பொம்மைத் தண்டவாளம் உங்களுக்கு ஒரு பொருட்டா? அம்மாமாரு சேலை எடுக்குத வரைக்கும் புள்ளைங்க அழாம இருக்கணும். அம்புட்டுதான் அண்ணாச்சி.”

அந்தப் பேச்சில் நான் மயங்கினேன். எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், என்னைப் புகழ்ந்தவரை மட்டும் சந்தேகப்படவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி இரண்டு சாம்பிள் கொண்டுவந்தார். ஒன்று, பிளாஸ்டிக் ஜல்லியோடு சேர்த்தே வார்த்த டிராக். துண்டு துண்டாக இருக்கும், கிளிக்கென்று மாட்டினால் வேலை முடிந்தது. இன்னொன்று ஃபிளெக்ஸ் டிராக். ஒரு கஜ நீளத்துக்கு வரும், வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளலாம். கார்க் ஷீட் ஒட்டி, அதன் மேல் டிராக்கைப் பொருத்தி, ஜல்லி நாமே தூவ வேண்டும். துண்டுக்குத் துண்டு சேர்க்க ரயில் ஜாயினர் என்று ஒரு குட்டித் தகடு. நிஜத் தண்டவாளத்தில் பிஷ் பிளேட் செய்கிற வேலையை அது இங்கே செய்கிறது.

வியாபாரி கிளிக் டிராக்கைத்தான் புகழ்ந்தார். அதனாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம். ஜாயின்ட் அடியில் மூடியிருக்கிறது, மூடி வைத்த ஜாயின்டை நான் நம்ப மாட்டேன். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்றார். விசாரித்தால் பேரில் மட்டும்தான் வெள்ளியாம், உள்ளே துளிகூடக் கிடையாதாம். பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரும்பு இல்லை, துருப்பிடிக்காது என்று அதோடு திருப்தியானேன். ஃபிளெக்ஸ் டிராக்கே போதும் என்றேன்.

இன்றைக்கு யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். அடிக்கடி பிரித்து மாட்டுகிறவர்களுக்குக் கிளிக் டிராக். ஒரே இடத்தில் நிலையாக வைக்கிறவர்களுக்கு ஃபிளெக்ஸ். அன்றைக்கு நான் எடுத்த முடிவு சரிதான், ஆனால் எடுத்த காரணம் வியாபாரி மேல் வந்த சந்தேகம்.

பன்னிரண்டு அடிக்கு ஐந்தடி மேசை. சுற்றிலும் கண்ணாடி, ஒரு பக்கம் திறக்கிற கதவு. நடுவில் தாமிரபரணி, அதற்கு மேல் ஒரு பாலம். ஆரம்பித்த அன்று பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு நின்றார்கள். அம்மாக்கள் போனில் வீடியோ எடுத்தார்கள். ரயிலைப் பார்த்துக்கொள்ள அண்ணாச்சி என்னையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

3. சனிக்கிழமைக் கோளாறு

சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, ரயில் பாலத்து மேல் நின்றுவிட்டது. விரலால் தள்ளினால் கொஞ்சம் ஓடி மறுபடியும் நின்றது. ஞாயிறு தத்தித் தத்தி ஓடியது. திங்கள் முதல் ஒழுங்காக ஓடியது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே பாலத்தில் நின்றது.

“என்ன அண்ணாச்சி, கூட்டம் வாற அன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணுது? புள்ளைங்க எல்லாம் அழுது கெடக்கு” என்றார் முதலாளி.

கோளாறுக்குக் கிழமை தெரியாது. சனிக்கிழமை பார்த்து ரயில் நிற்கிறது என்றால் அதை ஒரு ஆள்தான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். ரயில்வேயில் எழுதியது போலவே ஒரு நோட்டுப் போட்டேன். கண்ணாடிப் பக்கம் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் எல்லாம் எழுதினேன். எலக்ட்ரீஷியன், பில் போடுகிற பெண், வாட்ச்மேன் என்று ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது கடையைக் கூட்டித் துடைக்கிற இசக்கியம்மாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். சீவலப்பேரியிலிருந்து டவுண் பஸ்ஸில் வருவாள். மகள் நர்சிங் படிக்கிறாள், புருஷன் இல்லை, இந்த ஒரு வேலையில்தான் வீடு ஓடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நோட்டில் நான் எழுதியது வேறு. ஒருநாள் அவள், “இந்த மேசைக்கு அடியில குனிஞ்சு கூட்ட முடியல அண்ணாச்சி, இடுப்பு ஒடியுது” என்று சொல்லியிருந்தாள். மேசையை எடுக்க வைக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

4. நூல்

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கிளம்பும்போது, தண்டவாளத்தின் மேல் குறுக்காக ஒரு கறுப்பு நூலை ஒட்டி வைத்தேன். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. அதுவரை கடைக்குள் வந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டேன். சூப்பர்வைசர், சேலைப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

“தண்டவாளத்தத் தொட்டியா, இல்லையா?” என்று கேட்டேன்.

“தொட்டேன். தெனமும்தான் தொடைக்கேன். எண்ணெப் பிசுக்கு இருக்கு அண்ணாச்சி, பஞ்சுபஞ்சாத் தூசி அப்பிக் கெடக்கு. வறண்ட துணியாலதான் எடுக்கேன்.”

“தண்டவாளத்துல எண்ணெ எங்கேருந்து வரும்? பினாயில் தண்ணியத் தேச்சிட்டு எனக்கே கத சொல்லுதியா?”

“நான் எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லப்போறேன்? நீங்களே தொட்டுப் பாருங்க.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “நாளைலேருந்து வர வேண்டாம்மா” என்றார் அவர். அவள் அழவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

5. அவள் போன பிறகு

ஞாயிறு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ரயில் அதிகமாக நின்றது. திங்கள் அன்றைக்குப் பாலம் வரைக்கும்கூடப் போகவில்லை. வியாழக்கிழமை ஸ்டேஷனை விட்டு நகரவே இல்லை, எஞ்சின் விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்றது. வெள்ளிக்கிழமை வழக்கமான பராமரிப்பு முடித்தேன், அந்த வாரம் இரண்டு சொட்டுக் கூடுதலாகவே விட்டேன். சனிக்கிழமை விளக்கும் எரியவில்லை.

கெடுத்தவள் போய் ஒரு வாரம் ஆகிறது, கோளாறு போகவில்லை.

ஒயரைப் பார்க்க மேசைக்கு அடியில் புகுந்தேன். அங்கே ஒரு ஆணியில் அவள் துடைத்த வெள்ளைத் துணி தொங்கியது. அதில் இரண்டு கறுப்புக் கோடு. பையிலிருந்த ஸ்கேலை வைத்து அளந்தேன். கோட்டுக்குக் கோடு நடுவே பதினாறரை மில்லிமீட்டர், டிராக்கின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிற கேஜ் அளவு. மோந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய்.

அந்த எண்ணெய் பாட்டில் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். நிஜத் தண்டவாளம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அது தடையில்லாமல் நகரட்டும் என்று பிஷ் பிளேட்டுக்கு கிரீஸ் போடுவோம். கீமேன் கை அதை மறக்காது. இங்கேயும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஊசியால் ஒவ்வொரு ஜாயினரிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஏசி போட்ட கடைக்குள் எந்த வெயில் வரும் என்று நான் யோசிக்கவில்லை. மாடல் ரயிலில் தண்டவாளம்தான் கரண்ட் ஒயர், எஞ்சின் சக்கரம் அதிலிருந்துதான் கரண்டை எடுக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எண்ணெய் பரவித் தண்டவாளத்தின் மேலேறியது. ஜவுளிக்கடைப் பஞ்சுத் தூசி அதில் ஒட்டியது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மெழுகு பூசியது போல ஆகி, கரண்ட் ஏறாமல் போய்விட்டது. அதுவரை வாராவாரம் திங்கள் முதல் ரயில் ஓடியதற்கு ஒரே காரணம், அவள் தினமும் துடைத்ததுதான்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லார் பெயரும் இருந்தது. நான் வந்த நேரம், நின்ற நேரம் எதுவும் இல்லை.

6. சீவலப்பேரி

அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். வீடு பூட்டிக் கிடந்தது. வயலில் களை எடுக்கிறாள் என்றார்கள். வரப்பில் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, சேற்றுக் கையை உதறினாள்.

“என்ன அண்ணாச்சி, இன்னும் கடையில எதக் காணோம்னு கேக்க வந்தீங்க?”

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் பாட்டிலையும் காட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேன்லா.”

“சொன்ன. நான்தான் கேக்கல.”

“இப்ப எதுக்கு இங்கன வந்து சொல்லுதீங்க? வயக்காட்டுல கொக்குதான் கேக்கும். அன்னைக்கு யாரு யாரு நின்னாங்களோ, அத்தன பேரும் நிக்கணும். அங்கன வச்சுச் சொல்லுங்க, வாறேன்.”

திங்கட்கிழமை காலை எல்லாரையும் அதே இடத்தில் நிற்க வைத்தேன். அவள் படியருகே நின்றாள். “கோளாறு ரயில்லயும் இல்ல, இந்த அம்மாகிட்டயும் இல்ல. எண்ணெ விட்டது நான். சொன்னதக் கேக்காம பழி போட்டதும் நான்” என்றேன். முதலாளி, அவள் கவிழ்த்து வைத்த வாளியை அவரே நிமிர்த்தி வைத்தார்.

இசக்கியம்மாள் அதை எடுத்துக்கொண்டு, “சரி, நவுருங்க. கூட்டணும்” என்றாள்.

7. இப்போது

டிராக் முழுக்க ஸ்பிரிட் போட்டு எண்ணெயை எடுத்தேன். ஜாயினரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் வைத்து சால்டர் செய்தேன். தண்டவாளத்தை வறண்ட துணியால் துடைக்கிறது இசக்கியம்மாள் பொறுப்பு. குனியாமல் கூட்டும்படி மேசையை ஒரு முழம் உயர்த்தினேன். அதற்குப் பிறகு ரயில் பாலத்தில் நிற்கவில்லை.

சிறு வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுவது நம் தொழில், அதை விட வேண்டாம். ஆனால் நோட்டில் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள், நீங்கள் என்ன தொட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் பெயருக்குப் போகலாம்.

தினமும் காலையில் நான் கண்ணாடிக் கதவைத் திறக்கும்முன் இசக்கியம்மாள் வாளியை வைத்துவிட்டு எதிரே வந்து நிற்பாள்.

“கையக் காட்டுங்க அண்ணாச்சி.”

இரண்டு கையையும் நீட்டுவேன். புரட்டிப் பார்ப்பாள், விரலை மோந்தும் பார்ப்பாள், அதன் பிறகுதான் “சரி, தொடுங்க” என்பாள்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, நேத்துத்தான பாத்த? இன்னுமா என்மேல சந்தேகம்?” என்றேன்.

“நேத்து சரியாத்தான் இருந்துச்சு” என்றாள். “இன்னைக்குப் பாக்கணும்லா.”

நான் கையை நீட்டினேன்.