மைனஸ் ரெண்டுல ஒரு வெட்டு

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் பெயில். பொதுத் தேர்விலும் கோட்டைவிட்டால் படிப்பை நிறுத்தி, பக்கத்து வீட்டு அக்கா தைக்கப் போகும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு என்னையும் அனுப்பிவிடுவதாக நைனா சொல்லிவிட்டார். அந்த அக்காவும் சூப்பர்வைசரிடம் பேசியே வைத்துவிட்டாள். எனக்கோ பிளஸ் ஒன் சேர்ந்தே ஆக வேண்டும்.

கணக்கில் எனக்குப் பிடிபட்டது வரைபடம் ஒன்றுதான். சரியாகப் போட்டால் மார்க் சுளையாகக் கிடைக்கும். அதனால் திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும்வரை, குடத்தோடு வரிசையில் நின்றபடியே தோழி கேள்வி கேட்பாள். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வேன். அன்றைக்கு x ஸ்கொயர் மைனஸ் x மைனஸ் ஆறு.

"எங்கெங்கடி வெட்டுது?"

"மைனஸ் ரெண்டுல ஒரு வெட்டு, மூணுல ஒரு வெட்டு!"

பின்னால் வந்து நின்ற அக்கா குடத்தைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ! மூணாவது பிளாக்லயா? யாருடி அந்த மைனஸு, புச்சா கீறான்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பேட்டை ரவுடிகளுக்கு இதைவிட விசித்திரமான பட்டப்பெயர்கள் உண்டு. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சேதி பரவி, சவரம் செய்துகொண்டிருந்த நைனா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

"யாரை வெட்டினாங்க?"

"யாரையும் வெட்டல நைனா, கணக்குல வர்ற கிராப்பு!"

தோழி சிரித்துச் சிரித்துக் குடத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம். ஈர விரலால் சிமெண்டுத் தரையில் இரண்டு அச்சையும் போட்டு, மேலிருந்து இறங்கி மறுபடி ஏறும் வளைவை வரைந்தேன். "படுத்துகினு கீதே, இந்தக் கோட்டை வெட்டுற எடம்தான் விடை. இங்க மைனஸ் ரெண்டு, இங்க மூணு. போதுமா?"

நைனா குந்தி உட்கார்ந்து பார்த்தார். "வெட்டாமலே போச்சுன்னா?"

"மேலயே வளைஞ்சிகினு பூடும் நைனா. அப்போ விடையே இல்லைன்னு அர்த்தம்."

வகுப்பில் ஒருநாளும் நான் இப்படித் தடுமாறாமல் சொன்னதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. நைனா துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் திரும்பினார்.

"உங்க சூப்பர்வைசராண்ட சொல்லிடும்மா. இது வராது."

"அண்ணே, பரீட்சைல பெயிலாயிட்டா?"

"பெயிலானா இன்னா? மறுக்கா எழுதும். பாசாவுற வரிக்கும் எழுதிகினே இருக்கும்."