செவலையைக் கூப்பிட்டுக் கட்டிய ஞாயிறு

நடந்தவை வரிசைப்படி:

1. கல்வராயன் மலையில் ரத்தசோகை முகாமுக்குப் போயிருந்தோம். ஒரு மரவள்ளிக் கொல்லையோரம் பெட்டை நாய் ஒன்று கட்டிக் கிடந்தது. கழுத்துச் சங்கிலியின் மேல் தோல் மூடியிருந்தது. புழு வைத்திருந்தது.
2. காட்டுப்பன்றிக்குக் காவல் என்றார் கொல்லைக்காரர். சங்கிலி குட்டியில் போட்டது. நாய் வளர்ந்தபோது அதை யாரும் மாற்றவில்லை.
3. கேட்டதும் கொடுத்துவிட்டார். அது குரைப்பதை நிறுத்தி நாளாகியிருந்தது.
4. கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டுச் சங்கிலியை வெட்டி எடுத்தார்.
5. ஏழு வாரம் பழக்கி, கூப்பிட்டால் வரும்படி செய்தேன்.
6. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் பழக்கத்தை ஐந்து நிமிடத்தில் கெடுத்தார்.

பயந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து திணறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தேவை கடைசி இரண்டும்தான்.

கழுத்தில் நெக்ரோசிஸ் (சதை செத்துப்போதல்) என்றார் மருத்துவர். காயம் ஒன்றரை மாதத்தில் ஆறும், பயத்துக்கு நாள் குறிக்க முடியாது என்றார். கண் திறந்ததிலிருந்து கொல்லையையும் சோறு வைக்கும் ஒரே ஆளையும் தவிர எதையும் பார்க்காத நாய். குக்கர் விசிலுக்கே சிறுநீர் கழித்தது.

நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிட்டோம். பின்கட்டுக் கொட்டகையின் மூலையில் அசையாமல் கிடக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு சாது என்று பாராட்டினார்கள். அது சாது இல்லை, பயத்தில் விறைத்துக் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எங்கள் வீடு ரோட்டோரம். மதில் இல்லை. கரும்பு டிராக்டர்கள் வாசலை ஒட்டிப் போகும். அந்தக் கழுத்தில் கயிறு போட முடியாது. ஆகவே கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்தில் முடியும்.

முதல் தவறு என்னுடையது. சோற்றைக் காட்டி "வா" என்பேன். வந்ததும் அமுக்கிப் பிடித்து மருந்து போடுவேன். ஐந்தாம் நாள் அது சோற்றையே திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் கடிந்துகொண்டார்: "மருந்து போடணும்னா நீங்க அதுகிட்ட போங்க. கூப்பிட்டு வரவெச்சுப் போடாதீங்க."

நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் டெக்னீசியன். வலிக்காது என்று சொல்லிக் கையை நீட்ட வைப்பதுதான் என் தினசரி வேலை. எனக்கு அவமானமாக இருந்தது.

"வா" என்ற சொல்லை விட்டேன். எவர்சில்வர் டப்பா மூடியை இரண்டு முறை தட்டுவேன். முட்டைத் துண்டை எறிவேன். பக்கவாட்டில் உட்காருவேன். தொடமாட்டேன். காலண்டரின் பின்பக்கம் தூரத்தைக் குறித்தேன்: பன்னிரண்டு அடி, ஏழு அடி, மூன்று அடி. ஏழாம் வாரம் சத்தம் கேட்டு ஓடி வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது.

அந்த ஞாயிறு நான் வேலையில் இருந்தேன். நைனார்பாளையத்திலிருந்து அத்தை காதுகுத்துப் பத்திரிகையோடு வந்திருக்கிறார். தட்டோடு ஆள் வரும்போது நாயைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அப்பா மூடியைத் தட்டினார். செவலை ஓடி வந்தது. தோள் துண்டைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். அது அவர் கையைக் கடித்துவிட்டு, துண்டிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டு, ரோட்டைத் தாண்டிக் கரும்புக்குள் ஓடிவிட்டது.

தகவல் கேட்டு ஓடிப்போய், அரசு மருத்துவமனையின் ஊசி அறை வாசலில் அப்பாவையும் அத்தையையும் பார்த்தேன்.

"பொண்ணு நாய்க்கு டூசன் எடுக்கறா, அப்பன் ஊசி போட்டுக்கினு நிக்கிறான்," என்றார் அத்தை.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூப்ட்டா வரணும்னுதானம்மா பழக்கின? வந்துச்சி, கட்டினேன். ஊட்டுக்கு மனுசாளுங்க வர்றப்ப அவுத்தா வுட முடியும்?"

"வந்தா கட்டுவாங்கன்னா இனிமே அது ஏம்ப்பா வரும்?"

அப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கட்ச்சிட்டு அதுதாம்மா நடுங்குச்சி."

எனக்கு அப்பா மேல் இரக்கம் வரவில்லை. இன்றும் முழுதாக வரவில்லை. கொல்லைக்காரர் சோறு போட்டார். அப்பா விருந்தாளிக்கு மரியாதை செய்தார். நான் மருந்து போட்டேன். மூன்று பேரிடமும் நியாயம் இருந்தது, மூன்று பேரும் கழுத்தைப் பிடித்தோம்.

இரண்டு நாள் கரும்பு வரப்பில் தேடினேன். மூன்றாம் நாள் காலை அதுவாகவே கொட்டகையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தட்டினேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்தது. மூடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாக்கைச் சொடுக்கும் புதுச் சத்தத்தோடு பன்னிரண்டு அடியிலிருந்து மறுபடி தொடங்கினேன். அப்பாவுக்கு ஒரே வேலை: சோற்றை வைத்துவிட்டு, கூப்பிடாமல், திரும்பிப் பார்க்காமல் போவது. அவர் ஊசித் தவணைகள் முடிந்த பிறகும் அதைத் தவறவிடவில்லை.

போன மாதம் கொட்டகையின் படல் கதவு திறந்து கிடந்தது. செவலை நடுரோட்டில் நின்றது. இரண்டு டிரெய்லரோடு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. நாக்கைச் சொடுக்கினேன். காது திரும்பியது. வந்தது. என் கை தானாக அதன் கழுத்துக்குப் போனது. பாதியில் நிறுத்தி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். டிராக்டர் கடந்துபோகும்வரை அது என் காலோரம் நின்றது.

இப்போதைய நிலை: பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறை வருகிறது. கழுத்தில் முடி முளைக்கவில்லை, தொடவும் விடாது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் அவர் பக்கத்தில் சாப்பிடுகிறது. நாள்களை நான் அது நெருங்கி வரும் அடிக்கணக்கில் நினைக்கிறேன். வேலையில், ஊசியை எடுக்கும்போது வலிக்கும் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன், அவர்களாகக் கையை நீட்டும்வரை.